வாசற்படி ஏறி வரும் வைத்தியம்

புற்றுநோயாளிக்கு வீட்டிலேயே சிகிச்சை என்பது கேரளத்தில் புதுமை அல்ல. ஆனால் 'திருப்திதானா?' என்ற கேள்விக்கு நோயாளி சொல்லும் பதிலுக்குப் பின்னால் ஒரு மலிவு மாத்திரை, ஒரு தொலைபேசி எண், தூக்கம் கெட்ட ஒரு பெண் என்று பலவும் இருக்கின்றன.

திருப்பூணித்துறை கொச்சி ராஜவம்சத்தின் ஊர். ஹில் பேலஸ் அரண்மனை இப்போது அருங்காட்சியகம். பூர்ணத்ரயீசர் கோயிலும், ஓணத்துக்குக் கட்டியம் கூறும் அத்தச்சமய ஊர்வலமும் ஊரின் பெருமைகள். சங்கீதக் கல்லூரியும், பல தலைமுறைகளுக்கு முன் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் உள்ள ஊர் என்பதால் தமிழர்களுக்கும் அந்நியமில்லை. 2024 மார்ச்சில் கொச்சி மெட்ரோவும் இங்கு வந்து சேர்ந்துவிட்டது. எர்ணாகுளத்தின் பெரிய மருத்துவமனைகள் எல்லாம் கூப்பிடு தூரம்தான்.

நடக்க முடிந்தவர்களுக்கு, அதாவது. முதுகெலும்பு வரை புற்றுநோய் பரவிவிட்ட ஒருவருக்குப் படுக்கையிலிருந்து வாசல்வரை போவதே நீண்ட பயணம். இரண்டு பேர் தூக்கி ஆட்டோவில் ஏற்ற வேண்டும். சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் எலும்புக்குள் கத்தி இறங்கும். மருத்துவமனையில் சீட்டு வாங்க ஒரு வரிசை, ரத்தப் பரிசோதனைக்கு ஒரு வரிசை, டாக்டருக்காக ஒரு காத்திருப்பு. ஐந்து நிமிடப் பரிசோதனைக்கு ஒரு நாள் முழுதும் போய்விடும். கூட வருகிறவருக்கு அன்றைய கூலியும் போய்விடும்.

இந்தப் பயணத்தைத் திசை திருப்பியதுதான் கேரளம் செய்த காரியம். நோயாளி மருத்துவமனைக்குப் போவதற்குப் பதில், மருத்துவமனையின் ஒரு துண்டு நோயாளியின் வீட்டுக்குப் போகிறது. ஒரு ஜீப் அல்லது வேன், ஒரு நர்ஸ், கூடவே ஒரு தன்னார்வத் தொண்டர் அல்லது சுகாதாரப் பணியாளர், சில நாட்களில் ஒரு டாக்டர். நர்ஸின் பையில் ரத்த அழுத்தமானி, கையுறைகள், சிறுநீர்க் குழாய், மூக்கு வழியே உணவு செலுத்தும் குழாய், பஞ்சு, கட்டுத்துணி, மாத்திரைப் பட்டைகள். மலையாளிகள் இதற்குச் சூட்டியிருக்கும் பெயர் 'சாந்த்வன பரிசரணம்'. ஆறுதல் பராமரிப்பு.

கேரளத்தில் 941 கிராம பஞ்சாயத்துகளும், 87 நகராட்சிகளும், 6 மாநகராட்சிகளும் இருக்கின்றன. திருப்பூணித்துறை அந்த 87-ல் ஒன்று. தன் எல்லைக்குள் படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்கு நர்ஸை அனுப்புவதும் தெருவிளக்கு, குடிநீர் போல உள்ளாட்சியின் வேலைதான் என்பது 2008 முதல் இம்மாநிலத்தின் கொள்கை.

இதில் நோயாளிகளுக்குத் திருப்திதானா? கேள்வி எளிது. பதில் அவ்வளவு எளிதல்ல.

'பரவாயில்லை சிஸ்டர்'

வீட்டுக்கு வந்து காயத்துக்கு மருந்து போடும் நர்ஸே ஒரு படிவத்தை நீட்டி, 'எங்கள் சேவை எப்படி?' என்று கேட்டால் எந்த நோயாளி குறை சொல்வார்? அடுத்த வாரமும் அவர்தான் வர வேண்டும். நம் வீடுகளில் வந்தவர்களிடம் குறை சொல்லும் வழக்கமும் இல்லை. 'பரவாயில்லை சிஸ்டர்' என்பதுதான் பதிலாக இருக்கும். அதில் நன்றி இருக்கலாம், கூச்சம் இருக்கலாம், இதற்கு மேல் எதிர்பார்க்க நமக்கு என்ன தகுதி என்ற விரக்தியும் இருக்கலாம். எதிர்பார்ப்பு குறைவாக இருக்கும் இடத்தில் திருப்தி அதிகமாகத்தான் தெரியும்.

அதனால் விவரம் அறிந்த நர்ஸ்கள் திருப்தியைப் பற்றி நேரடியாகக் கேட்பதில்லை. நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்பார்கள். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. இப்போது உங்கள் வலி எந்த எண் என்பார்கள். கனடாவின் எட்மன்டன் நகரில் 1991-ல் உருவான ஒரு படிவம், வலியோடு சோர்வு, குமட்டல், மூச்சுத்திணறல், மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றையும் இதே முறையில் எண்ணாக்கியது. உலகெங்கும் இன்று அது புழக்கத்தில் உள்ளது. எட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கிய வலி பொய் சொல்லாது.

இந்தக் கணக்கில் பார்த்தால் வீட்டுச் சிகிச்சையின் வெற்றி தோல்வியை நிர்ணயிப்பவை மூன்று. வலி அடங்குகிறதா, நள்ளிரவில் கூப்பிட்டால் யாராவது பதில் சொல்கிறார்களா, பார்த்துக்கொள்கிறவர் தாக்குப்பிடிக்கிறாரா. கேரளம் முதலாவதில் சாதித்திருக்கிறது. இரண்டாவதில் பாதி தூரம் வந்திருக்கிறது. மூன்றாவதில் இன்னும் தடுமாறுகிறது.

கோழிக்கோட்டில் ஒரு சிறிய அறை

தொடக்கம் கொச்சியில் அல்ல, வடக்கே கோழிக்கோட்டில். அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் நிபுணராக இருந்த டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலிடம் நாக்கில் புற்றுநோய் கண்ட ஒரு கல்லூரிப் பேராசிரியர் அனுப்பப்பட்டார். தாளாத வலி. நரம்பில் ஊசி போட்டதும் வலி போய்விட்டது. மறுபடி எப்போது வர வேண்டும் என்று பேராசிரியர் கேட்டார். இனி வரத் தேவையில்லை என்று பெருமிதத்தோடு சொன்னார் டாக்டர். தன் நோய்க்கு இனி சிகிச்சை இல்லை என்பது அப்போதுதான் அந்த மனிதருக்குப் புரிந்தது. வீட்டுக்குப் போய் அன்றிரவே தற்கொலை செய்துகொண்டார். நரம்புக்கு வைத்தியம் பார்த்தேன், மனிதருக்குப் பார்க்கவில்லை என்ற பொருளில் ராஜகோபால் பின்னாளில் இதைப் பல மேடைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1993-ல் அவரும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களும் சேர்ந்து 'பெயின் அண்ட் பாலியேட்டிவ் கேர் சொசைட்டி'யைத் தொடங்கினார்கள். மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறிய அறைதான் இடம். கூட்டம் குவிந்தது. ஆனால் ஓர் உண்மை சீக்கிரமே தெரிந்தது. அறைவரை வர முடிந்தவர்கள் ஒப்பீட்டளவில் நல்ல நிலையில் இருந்தவர்கள். மிக மோசமான நிலையில் இருந்தவர்கள் வரவே முடியாதவர்கள். அவர்களைப் பார்க்க வேண்டுமானால் வீட்டுக்குத்தான் போக வேண்டும். 1990-களின் நடுவில் வீட்டுச் சேவை தொடங்கியது.

எத்தனை வீடுகளுக்கு ஒரு டாக்டரால் போக முடியும்? இங்கேதான் கேரளம் மற்ற இடங்களிலிருந்து பிரிகிறது. நூற்றாண்டின் இறுதியில் மலப்புறம், கோழிக்கோடு, வயநாடு பகுதிகளில் அக்கம்பக்கத்தாரையே பயிற்றுவித்து இறக்கினார்கள். வாரத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்கத் தயாராக இருக்கும் எவரும் தொண்டராகலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். பணமும் பெரிய அறக்கட்டளைகளிடமிருந்து வரவில்லை. கடைகளில் வைத்த உண்டியல், பள்ளி மாணவர்களின் சில்லறை, பஸ் தொழிலாளர்களின் ஒரு நாள் வசூல் என்று சொட்டுச் சொட்டாகச் சேர்ந்தது.

தொண்டர் ஊசி போடுவதில்லை. ஆனால் நர்ஸ் கவனிக்காததைக் கவனிப்பார். வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறானா, மனைவி கடைசியாக எப்போது வெளியே போனாள், மாத்திரை காலையோடு தீர்ந்துவிட்டதா. வீட்டில் கிடக்கும் நோயாளியின் அதிருப்தியில் பாதி மருத்துவம் சம்பந்தப்பட்டதே அல்ல. ஊர் தன்னை மறந்துவிட்டது என்ற எண்ணம்தான் அது. அதற்குக் கோழிக்கோடு கண்ட மருந்து பக்கத்து வீட்டுக்காரர்.

அபின் தேசத்தில் வலி

வீட்டில் சிகிச்சை என்பதன் ஆணிவேர் ஒரு மாத்திரை: மார்ஃபின். கடுமையான புற்றுநோய் வலிக்கு வாய்வழியாக, கடிகாரம் பார்த்து, படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வகுத்துக் கொடுத்தது. சாதாரண மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை விழுங்க வேண்டும். கூடவே மலச்சிக்கலுக்கு ஒரு மாத்திரை. இதற்கு மருத்துவமனைக் கட்டில் தேவையில்லை, ஊசியும் தேவையில்லை. விலையும் மலிவு.

ஆனால் கிடைப்பதில்லை. மருத்துவ உபயோகத்துக்காகச் சட்டபூர்வமாக அபின் பயிரிடும் மிகச் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் கசகசாச் செடி வளர்கிறது. அப்படியிருந்தும் 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு மருத்துவ மார்ஃபினின் உபயோகம் 1997-க்குள் 97 சதவீதம் சரிந்தது. ஒரே பெட்டி மாத்திரைக்குப் பல இலாகாக்களின் பல லைசென்ஸ்கள். ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிடும். தண்டனையோ கடுமை. மருந்துக்கடைகள் கையைக் கழுவிக்கொண்டன. ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபினைக் கண்ணால் பார்க்காமலே பட்டம் பெற்றார்கள்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் மாத்திரை கள்ளச்சந்தைக்குப் போய்விடும் என்பதுதான் அதிகாரிகளின் அச்சம். அதற்குக் கோழிக்கோடு எண்களால் பதில் சொன்னது. இரண்டு ஆண்டுகளில் 1,723 நோயாளிகளுக்கு வாய்வழி மார்ஃபின் கொடுத்து, பெரும்பாலும் வீட்டிலேயே சாப்பிட வைத்தார்கள். ஒருவர்கூட அதைத் தவறாகப் பயன்படுத்தியதாகவோ, மாத்திரை வெளியே போனதாகவோ தெரியவரவில்லை. 2001-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் இந்த ஆய்வை வெளியிட்டது. ஏழை வீட்டு அலமாரியில் இருக்கும் மார்ஃபினை அந்த வீடே பத்திரமாகப் பாதுகாக்கும் என்பது நிரூபணமானது.

கேரளம் விதிகளைத் தளர்த்தியது. 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. பல லைசென்ஸ்களுக்குப் பதில், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களுக்கு ஒரே அனுமதி போதும் என்றானது. ஆனால் சட்டப் புத்தகம் மாறுவதும் மருந்துக்கடை அலமாரி மாறுவதும் ஒன்றல்ல. 2017-ல் வெளியான லான்செட் குழு அறிக்கையின்படி, வலி நிவாரணத்துக்கு இந்தியாவுக்குத் தேவையான அபின் சார்ந்த மருந்துகளில் கிடைப்பது சுமார் 4 சதவீதமே. மார்ஃபின் கிடைக்காத ஊரில் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதற்குப் பெயர் வீட்டுச் சிகிச்சை அல்ல, கைவிடுதல்.

வலி ஒன்றுதான் பிரச்சினை என்றும் இல்லை. மார்பிலோ தாடையிலோ புற்று உடைத்துக்கொண்டு புண்ணானால் அதன் நாற்றம் நோயாளியைக் குடும்பத்திலிருந்தே பிரித்துவிடும். பேரப்பிள்ளைகள் அறைக்குள் வர மாட்டார்கள். கேரளத்து நர்ஸ்கள் இதற்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவுகிறார்கள். வயிற்றுப்போக்குக்காக எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைக்கும் சில ரூபாய் மாத்திரைதான். சில நாட்களில் நாற்றம் அடங்குகிறது. பேரன் மறுபடியும் கட்டிலில் வந்து உட்காருகிறான். எந்தத் திருப்திப் படிவத்திலும் இதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

கீமோதெரபி வீட்டுக்கு வருமா?

இதுவரை சொன்னது வலியைத் தணிக்கும் சிகிச்சை. புற்றுநோயையே தாக்கும் மருந்துகளை வீட்டில் கொடுக்க முடியுமா? ஓரளவு முடியும். ஓசையில்லாமல் அது நடந்துகொண்டும் இருக்கிறது.

மாத்திரைகள்தான் முதலில் வீட்டுக்குள் நுழைந்தவை. மார்பகப் புற்றுக்கு டமோக்சிஃபென், குடல் புற்றுக்கும் மார்பகப் புற்றுக்கும் கேபசிடபின், ஒருவகை ரத்தப் புற்றுக்கு இமாடினிப். கடைசியாகச் சொன்ன மருந்தின் காப்புரிமைக்காக ஸ்விட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1-ந் தேதி தள்ளுபடி செய்தது. இந்தியக் கம்பெனிகளின் மலிவான மாத்திரைகள் தொடர்ந்து கிடைத்தன. ஆயிரக்கணக்கானோர் தினமும் சாப்பாட்டோடு ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறார்கள் என்றால் அந்தத் தீர்ப்புக்கும் அதில் பங்குண்டு.

அடுத்தது சிறு பம்புகள். குடல் புற்றுக்கான ஒரு சிகிச்சை முறையில் ஃப்ளோரோயுராசில் என்ற மருந்து 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். முன்பு இதற்காகவே இரண்டு நாள் கட்டிலில் கிடக்க வேண்டியிருந்தது. இப்போது பிளாஸ்டிக் குப்பிக்குள் பலூன் வைத்த, மின்சாரம் தேவைப்படாத பம்பை இடுப்பில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். சில மருந்துகள் நரம்பு வழி ஏற்றுவதிலிருந்து தோலடி ஊசியாக மாறியிருக்கின்றன. ஒருவகை மார்பகப் புற்றுக்கான ட்ராஸ்டுசுமாப் அப்படிப்பட்டது. அரைமணிக்கு மேல் ஏறும் மருந்து ஐந்து நிமிட ஊசியானது. இரண்டு முறைகளையும் அனுபவித்துப் பார்த்த பெண்களில் பத்தில் ஒன்பது பேர் ஊசியையே விரும்பியதாக 2013-ல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வு காட்டியது. அவர்கள் சொன்ன முக்கியக் காரணம், நேரம் மிச்சம். நாட்கள் எண்ணப்படுகிறவர்களுக்கு நேரத்தின் விலை தெரியும்.

ஆனால் எல்லை உண்டு. சில மருந்துகள் ஏறத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். சில மருந்துகள் நரம்பை விட்டுக் கசிந்தால் தசையையே அழுகச் செய்யும். முதல் தவணைகளையும் இத்தகைய மருந்துகளையும் அவசர வசதியுள்ள இடத்தில்தான் கொடுக்க வேண்டும். கீமோதெரபிக்குப் பிறகு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மருந்து ஏற்றிய பிறகு சுமார் இரண்டு நாட்களுக்கு நோயாளியின் வாந்தியையும் சிறுநீரையும் கையுறை போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும். காலி மருந்துக் குப்பியைத் தெருக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. இவற்றையெல்லாம் சொல்லிக் கொடுக்காமல் வீட்டுக் கீமோதெரபி விற்கும் எவரிடமும் குடும்பத்தினர் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

அதனால் கேரளம் நடுவழி ஒன்றைப் பிடித்திருக்கிறது. 2020 கொரோனா ஊரடங்கின்போது திருவனந்தபுரத்திலுள்ள வட்டாரப் புற்றுநோய் மையத்துக்கு நோயாளிகள் போக முடியவில்லை. திருப்பூணித்துறையிலிருந்து அது ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அந்த மையத்தின் வழிகாட்டுதலில் மாவட்ட, தாலுகா மருத்துவமனைகளிலேயே கீமோதெரபியும் பரிசோதனைகளும் நடந்தன. தீயணைப்புத் துறையினர்கூட மருந்துகளை எடுத்துக்கொண்டு வீடுகளுக்குப் போனார்கள். வீட்டுக்கே வராவிட்டாலும் வீட்டுக்குப் பக்கத்தில் வந்தால் போதும் என்பது பல நோயாளிகளுக்கு நியாயமான ஆசை. காலையில் போய், சிகிச்சை முடிந்து, இரவு தன் கட்டிலில் படுக்கலாம்.

ஆய்வுகள் சொல்வது

வெளிநாடுகளில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஹவாய், கொலராடோ மாநிலங்களில், மரணத்தை நெருங்கிக்கொண்டிருந்த ஏறக்குறைய 300 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையோடு வீட்டுக்கு வரும் டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர் அடங்கிய குழுவின் பராமரிப்பும் தந்தார்கள். இவர்களில் புற்றுநோயாளிகளோடு இதய, நுரையீரல் நோயாளிகளும் உண்டு. வீட்டுப் பராமரிப்பு பெற்றவர்கள் கூடுதல் திருப்தி தெரிவித்தார்கள். மருத்துவமனைக்கு ஓடுவது குறைந்தது. செலவு 33 சதவீதம் குறைந்தது. 2007-ல் வெளிவந்த முடிவுகள் இவை.

2013-ல் காக்ரேன் அமைப்பு, பல நாடுகளின் 23 ஆய்வுகளை ஒன்றாக அலசியது. 37 ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் சம்பந்தப்பட்டவை. வீட்டிலேயே கண்மூடும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. நோயின் உபாதைகளும் குறைந்தன. ஆனால் அதே அலசலில் இன்னொரு வரியும் உண்டு. பார்த்துக்கொண்ட குடும்பத்தினரின் துயரம் இதனால் குறைந்ததாகத் தெரியவில்லை.

தூங்காதவர்

யார் அந்தக் குடும்பத்தினர்? பெரும்பாலும் மனைவி. இல்லாவிட்டால் மகள், மருமகள், தாய். நர்ஸ் வந்து அரைமணி நேரம் இருப்பார். மீதி இருபத்து மூன்றரை மணி நேரமும் சிகிச்சை இவர் கையில். நான்கு மணிக்கு ஒருமுறை மாத்திரை. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். குழாய் வழியே கஞ்சி. துணி மாற்றுதல். பார்க்க வருகிறவர்களுக்குத் தேநீர். இதற்குச் சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை. கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்ணாக இருந்தால் வருமானமும் இல்லை. மருத்துவமனையில் ஒரு கட்டில் காலியானதால் அரசுக்கு மிச்சமாகும் பணத்தின் ஒரு பகுதி இவருடைய இடுப்பெலும்பிலிருந்து வருகிறது.

நோயாளியைக் கேட்டால் 'வீடுதான் நல்லது' என்பார். அது உண்மைதான். அந்தப் பெண்ணைத் தனியாகக் கேட்டால் பதில் வேறாக இருக்கலாம். அவரைத் தனியாகக் கேட்பதே அபூர்வம். இரவு 2 மணிக்கு மூச்சு வாங்கினால் என்ன செய்வது என்ற பயம் அவரோடுதான் படுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கூப்பிட ஓர் எண் இருந்தால், மறுமுனையில் ஒரு குரல் 'அந்த மாத்திரையில் ஒன்று கொடுங்கள், காலையில் வருகிறோம்' என்று சொன்னால் வீடு தாக்குப்பிடிக்கும். இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவு, கடன் என்று எல்லாம் பழையபடி. பல ஊர்களில் உள்ளாட்சி நர்ஸின் வேலை பகலோடு முடிந்துவிடுகிறது. ஒரு வீட்டின் முறை மாதத்துக்கு ஓரிரு தடவைதான் வருகிறது. நர்ஸ்களில் பலரும் ஒப்பந்த ஊழியர்கள்.

கேரளத்துத் தொண்டு அமைப்புகள் இந்த ஓட்டையைத் தங்களால் இயன்றவரை அடைக்கின்றன. நோயாளியின் வீட்டுக்கு அரிசி, பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவு, மனைவிக்குத் தையல் மெஷின் போன்ற உதவிகளும் அவர்களுடைய சிகிச்சைப் பட்டியலில் உண்டு. ஒரு தொண்டர் ஒரு மதியம் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெண் வங்கிக்கோ கோயிலுக்கோ போய்வர முடியும், அல்லது பேசாமல் தூங்க முடியும்.

மற்ற மாநிலங்கள்

2010-ல் 'எகனாமிஸ்ட்' ஆய்வுப் பிரிவு, மரணத்தறுவாயில் கிடைக்கும் பராமரிப்பை வைத்து 40 நாடுகளை வரிசைப்படுத்தியது. இந்தியாவுக்குக் கடைசி இடம். அதே அறிக்கை, நாட்டின் மக்கள் தொகையில் 3 சதவீதமே உள்ள கேரளத்தில்தான் நாட்டின் இத்தகைய சேவைகளில் மூன்றில் இரண்டு பங்கு நடக்கிறது என்று வியந்தது. 2015-ல் பட்டியல் 80 நாடுகளாக விரிந்தபோது இந்தியா 67-வது இடத்தில் நின்றது.

ஆனால் தேவை கேரளத்தோடு நிற்பதில்லை. 2022-ல் மட்டும் இந்தியாவில் 14.6 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்ததாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பதிவேட்டுத் திட்டம் மதிப்பிட்டது. டெல்லியில் 'கேன்சப்போர்ட்' அமைப்பு 1990-களிலிருந்து வீடுகளுக்குக் குழுக்களை அனுப்பிவருகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு படுக்கையில் கிடப்பவர்களுக்கான நர்ஸையும் இயன்முறை மருத்துவரையும் வீட்டுக்கு அனுப்புகிறது. கேரளத்திடமிருந்து தமிழகம் இனி எடுத்துக்கொள்ள வேண்டியது வண்டியை அல்ல. அந்த வண்டியில் ஏறி உட்காரும் பக்கத்து வீட்டுக்காரரை.

ஒரு தப்பெண்ணமும் மாற வேண்டும். வீட்டுப் பராமரிப்புக் குழு வருகிறது என்றாலே 'டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள்' என்று அக்கம்பக்கம் பேசிக்கொள்ளும். அமெரிக்காவின் பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்று உள்ள 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே ஆதரவு சிகிச்சையும் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட நல்ல மனநிலையில் இருந்தார்கள். சராசரியாக இரண்டரை மாதங்களுக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். கடைசி வாரத்தில் தேட வேண்டிய உதவி அல்ல இது. நோய் தெரிந்த வாரத்திலேயே கேட்டு வாங்க வேண்டியது.

கேட்க வேண்டிய கேள்விகளும் தெரிந்திருக்க வேண்டும். மார்ஃபின் எங்கே கிடைக்கும்? இரவில் கூப்பிட வேண்டிய எண் எது? என்ன அறிகுறி கண்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்? வீட்டில் பார்த்துக்கொள்கிறவருக்கு யார் கற்றுக்கொடுப்பார்கள், அவருக்கு யார் மாற்று? இந்த நான்குக்கும் பதில் இருக்கும் வீடு, வசதியான வீடாக இருக்க வேண்டியதில்லை. ஓடு வேய்ந்த ஒற்றை அறையிலும் நோயாளி நிம்மதியாக இருப்பார். பதில் இல்லாத வீட்டில் குளிர்சாதன அறையும் வெறும் அறைதான்.

வண்டி புறப்படும் நேரத்தில் நர்ஸை வழியனுப்ப வாசல்வரை வருகிறவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்தான். நோயாளியின் காதில் விழக் கூடாததை அவர் அங்கேதான் கேட்பார்: இன்னும் எத்தனை நாள், வலி கூடுமா, நான் ஏதாவது தவறு செய்கிறேனா. அனுபவமுள்ள நர்ஸ்கள் அதனால் வாசலில் அவசரப்படுவதில்லை. அவரை நிறுத்தி, 'நீங்கள் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா?' என்று கேட்பார்கள். திருப்தியை அளக்க இதைவிட நல்ல கேள்வியை எந்த ஆய்வும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.